வீதி எவருக்குச் சொந்தம்?

மாலை வேளையிலே யாழ்ப்பாணம் ஆரியகுளத்தின் கரையில் சற்று நின்று பார்ப்பவர்கள் ஒரு விநோதக் காட்சியைக் காண்பார்கள். உடல் நலங் கருதி நடப்பதற்காக வருகின்றவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகின்றார்கள். சிலர் காரிலே வந்து இறங்குகின்றார்கள். வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு வேர்வை சிந்த நடக்கின்றார்கள். நடந்து முடிந்ததும் மீண்டும் வாகனத்தில் ஏறி வீடு திரும்புகின்றார்கள். குளத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் பலருக்கு இரண்டு கிலோமீற்றர்கூட இராது. அந்தத் தூரத்தை நடந்து வந்து நடந்தே திரும்பினால், குளத்தைச் சுற்ற வேண்டிய தேவையே இல்லை. "ஏன் ஐயா, வீட்டிலிருந்தே நடந்து வரலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்த வீதியிலா? உயிரோடு வந்து சேர வேண்டாமா?" என்ற பதில் உடனே வரும்.

அவர்களை நாம் பரிகசிக்கவில்லை. அவர்கள் சொல்வது உண்மை. பரிகசிக்கத் தக்கவர்கள், நடப்பதற்கென்று நகரில் இரண்டொரு மூலைகளை ஒதுக்கிவிட்டு ஏனைய வீதிகளையெல்லாம் இயந்திரங்களுக்குத் தாரைவார்த்துக் கொடுத்தவர்களே. காட்டை அழித்துவிட்டு மிருகக்காட்சிச்சாலை அமைப்பவனைப் போல, வீதியிலிருந்து நடையை விரட்டிவிட்டு நடைபாதைப் பூங்காவுக்கு நாடா வெட்டுகின்றோம். இந்தக் கேலிக்கூத்துக்குச் சூட்டப்பட்ட திருநாமம் "நகர அபிவிருத்தி".

நாம் கேட்பது ஒன்றே. வீதி எவருக்குச் சொந்தம்? வரி கட்டும் குடிமக்கள் அனைவருக்குமா? அன்றி, பெற்றோல் தாங்கியுடன் வருபவர்களுக்கு மாத்திரமா?

சைக்கிளுக்கென்றே அமைந்த மண்

இலங்கைத் தீவிலே சைக்கிளுக்கும் கால்நடைக்கும் யாழ்ப்பாணத்தைப் போலப் பொருத்தமான நகர் வேறொன்றைக் காண்பது அரிது. மலையில்லை, ஏற்றமில்லை, தரை முழுவதும் சமதரை. மாநகர சபையின் எல்லைக்குட்பட்ட நிலப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். கொக்குவிலிலிருந்தோ அரியாலையிலிருந்தோ நகரின் நடுவுக்கு வருவதென்றால் மூன்று நான்கு கிலோமீற்றர். இயற்கை வகுத்துக் கொடுத்த இந்த வாய்ப்பைக் கண்டுதான் எம் முன்னோர் சைக்கிளைத் தம் குடும்பத்தில் ஒருவராகவே சேர்த்துக்கொண்டனர். சேலையுடுத்த ஆசிரியை சைக்கிளில் பாடசாலை செல்வதும், வேட்டி கட்டிய பெரியவர் பின்கரியரில் வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குச் செல்வதும், வெள்ளைச் சீருடை அணிந்த மாணவியர் அணியணியாகச் செல்வதும் இந்த மண்ணுக்கே உரிய காட்சிகள்.

எமது வரலாற்றிலே சைக்கிளுக்கு உள்ள இடம் சாதாரண இடமன்று. 1990 ஆம் ஆண்டிலிருந்து ஐந்தாண்டு காலம் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வராமற் தடுக்கப்பட்டபோது, இந்தச் சமூகத்தைத் தூக்கி நிறுத்தியது எது? மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய ஒரு சில பழைய கார்களா? இல்லை. விறகும் நெல்லும் சுமந்தது சைக்கிள். நோயாளியை ஆஸ்பத்திரியிற் சேர்த்தது சைக்கிள். மின்சாரமில்லாத இரவுகளிலே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி வெளியேறிய அந்தக் கொடிய இரவிலே, கிழவியையும் குழந்தையையும் பானை சட்டியையும் சுமந்தவை இரண்டு கால்களும் இரண்டு சில்லுகளுமே.

அந்த நாட்கள் மீண்டும் வரவேண்டும் என்று நாம் ஆசைப்படவில்லை. எந்த மனிதனும் ஆசைப்படான். தடையின் காரணமாகச் சைக்கிள் ஓட்டுவது வேறு. உரிமையோடு ஓட்டுவது வேறு. ஆனால், இல்லாமையிலே எம்மைக் காப்பாற்றிய ஒன்றை, இருக்கும் காலத்திலே குப்பையில் எறிவது நன்றிகெட்ட செயல்.

2022 ஆம் ஆண்டிலே மற்றொரு பாடம் கிடைத்தது. அந்நியச் செலாவணி வற்றியது. கப்பல் வரவில்லை. இரவு பகலாக எரிபொருள் நிலையங்களின் வாயிலில் வரிசை நின்றது. அப்பொழுது முற்றத்து மூலையிலே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் தேடி எடுத்துக் காற்றடித்தவர்கள் எத்தனை பேர்! வைத்தியரும் சைக்கிளில் வந்தார்; வங்கி உத்தியோகத்தரும் சைக்கிளில் வந்தார். பின்னர் எரிபொருள் அட்டை வந்தது, பெற்றோல் வந்தது, பாடம் மறந்துபோயிற்று. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஒரு துளி எண்ணெயும் தோண்டி எடுக்காத நாடு, கடன் பட்டுக் கார் வாங்கி, அந்தக் காருக்குக் கடன் பட்டுப் பெற்றோல் வாங்குகின்றது.

வைத்தியம் சொல்வது என்ன?

இது பணத்தைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. உயிரைப் பற்றிய பேச்சு. இலங்கையில் நிகழும் மரணங்களிற் பத்துக்கு எட்டு, தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் ஆகியனவே இன்றைய யமதூதர்கள். வளர்ந்தவர்களிற் பத்துப் பேருக்கு ஒருவரையேனும் நீரிழிவு பிடித்திருக்கின்றது. எங்கள் வீடுகளில் "சலரோகம்" என்ற சொல் உச்சரிக்கப்படாத உணவு வேளை உண்டா?

1953 ஆம் ஆண்டிலே, லண்டன் மாநகரில் ஜெரமி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இரட்டைத் தட்டு பஸ்களின் சாரதிகளையும் நடத்துநர்களையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே வகைக் குடும்பங்கள். சாரதி நாள் முழுவதும் இருந்தபடியே வேலை செய்தார். நடத்துநர் நாள் முழுவதும் படியேறி இறங்கினார். மாரடைப்பு நோய் சாரதிகளிடையே அதிகமாகவும் நடத்துநர்களிடையே குறைவாகவும் காணப்பட்டது. நடந்தும் சைக்கிளோட்டியும் கடிதம் விநியோகித்த தபாற்காரர்களை, மேசையில் இருந்து வேலை செய்த எழுதுவினைஞர்களோடு ஒப்பிட்டபோதும் அதே உண்மை வெளிப்பட்டது. கால்களுக்கு வேலை கொடுத்தவனின் இருதயம் பிழைத்தது.

வளர்ந்தவர் ஒவ்வொருவரும் வாரம் ஒன்றுக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்றும், சிறுவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள் இயங்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கிலோமீற்றர் தூரத்தைச் சைக்கிளில் ஆறுதலாகக் கடப்பதற்குப் பதினைந்து நிமிடம். போக வர முப்பது நிமிடம். வேலை நாட்கள் ஐந்து. மொத்தம் 150 நிமிடங்கள்! கொக்குவிலிலிருந்து கந்தோருக்குச் சைக்கிளில் வந்து போகும் எழுதுவினைஞர் ஒருவர், ஒரு சதமும் செலவழிக்காமல், ஒரு நிமிடமும் ஒதுக்காமல், உலக வைத்தியர்கள் விதித்த மருந்தை உட்கொண்டுவிடுகின்றார்.

அந்த மருந்தை அவர் கையிலிருந்து தட்டிப் பறிப்பது யார்? ஆஸ்பத்திரிச் சுவரிலே "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று அறிவித்தல் ஒட்டுகின்றார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வாசலிலே வீதியைக் கடக்கும் கிழவி பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடையிலே நின்று நடுங்குகின்றாள். ஒரு கையால் உபதேசம். மறு கையால் தடை. சோம்பேறிகள் என்று மக்களை ஏசுவது எளிது. மக்கள் நடக்கக்கூடிய நகரை அமைத்துக் கொடுப்பதற்கன்றோ ஆட்சி வேண்டும்?

எவருடைய வேகம்? எவருடைய உயிர்?

வீதி விபத்துக்களிலே இலங்கையில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் அதிகமானோர் மடிகின்றனர். அவர்களுட் பெரும்பான்மையோர் காருக்குள் இருந்தவர்களல்லர். நடந்து சென்றவர்கள், சைக்கிளில் சென்றவர்கள், மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் சென்றவர்கள். இரும்புக் கவசத்துக்குள் இருப்பவன் பிழைக்கின்றான், கவசமில்லாதவன் சாகின்றான். இதனை "விதி" என்று சொல்லி நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வீடு திரும்புகின்றோம்.

விதியா இது? பௌதிகம் படித்த மாணவனைக் கேளுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 60 கிலோமீற்றர் வேகத்தில் வருமானால், அது மோதும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகின்றது. மெதுவாக வந்த வாகனம் மோதினால் பெரும்பாலும் எலும்பு முறியும்; விரைந்து வந்தது மோதினால் பாடை கட்ட வேண்டும். ஆகையினாலேதான், மனிதரும் வாகனமும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் பிரகடனம் செய்தனர்.

எமது ஊரில் நடப்பது என்ன? போருக்குப் பின்னர் வீதிகள் அகலமாயின, கறுத்து மினுங்கின. நல்லது, குண்டும் குழியுமான வீதியை நாம் விரும்பினோமா? ஆனால், வழுவழுப்பான தார் வீதி வாகனத்தின் வேகத்தைக் கூட்டியபோது, அதன் ஓரத்திற் செல்பவனுக்கு என்ன பாதுகாப்பு வைத்தார்கள்? பல இடங்களிலே தாரின் விளிம்பு முடியும் இடத்திலேயே கான் தொடங்குகின்றது. நடைபாதை இருக்கும் இடங்களில் அது கடைச் சாமானுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடமாகிவிடுகின்றது. விடியற்காலையிலே தனியார் வகுப்புக்குச் செல்லும் பதினைந்து வயதுப் பிள்ளை, வலப்புறத்தில் மணல் டிப்பரும் இடப்புறத்தில் திறந்த கானுமாக, இரண்டு சாவுகளுக்கு இடையே சைக்கிளை ஓட்டுகின்றது. விளக்கில்லாத சைக்கிளை மறித்துத் தண்டம் விதிக்கச் சட்டம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு மூன்றடி வழி விடாத வீதியைத் தண்டிக்கச் சட்டம் எங்கே?

பிள்ளை சைக்கிளில் போனால் ஆபத்து என்று பயந்து, தகப்பனார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கின்றார். அவ்வாறு ஆயிரம் தகப்பன்மார் செல்வதனால் பாடசாலை வாசலில் ஆபத்து மேலும் பெருகுகின்றது. அதைக் கண்டு பயந்து இன்னும் ஆயிரம் பேர் சைக்கிளை விடுகின்றனர். பயம் வாகனத்தைப் பெருக்க, வாகனம் பயத்தைப் பெருக்குகின்றது. இச்சங்கிலியைத் தனிமனிதன் அறுக்க முடியாது. பொதுச் சபைதான் அறுக்க வேண்டும்.

ஒல்லாந்தர் கற்ற பாடம்

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பண்ணைக் கடலோரத்திலே நிற்கும் கோட்டையை ஐங்கோண வடிவிற் கட்டியெழுப்பிய ஒல்லாந்தரை நாம் அறிவோம். அவர்களுடைய தாய்நாடும் எமது குடாநாட்டைப் போலத் தட்டையான நிலமே. இன்று அந்நாட்டிலே மனிதரைவிடச் சைக்கிள்களின் தொகை அதிகம். மக்கள் செய்யும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை சைக்கிளிலேயே நிகழ்கின்றன. மந்திரிமாரும் சைக்கிளில் செல்கின்றனர்.

"அவர்கள் பிறவியிலேயே அப்படி" என்று சிலர் எண்ணுகின்றனர். பெருந்தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவர்களும் எம்மைப் போலவே காருக்காக வீதியை அகட்டினர், கட்டடங்களை இடித்தனர், சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளினர். அதன் பலனாக 1971 ஆம் ஆண்டில் மாத்திரம் அந்தச் சிறிய நாட்டின் வீதிகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். அவ்வாறு தன் பிள்ளையைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972 இல் ஒரு கட்டுரை எழுதினார். "சிறுவர் கொலையை நிறுத்துங்கள்" என்பது அதன் தலைப்பு. விபத்து என்று அவர் சொல்லவில்லை, கொலை என்றார். அந்தச் சொல் ஒரு மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தைமாரும் சிறுவர்களும் வீதியை மறித்தனர்.

1973 இன் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுவதைத் தடை செய்தது. வெறிச்சோடிய பெருவீதிகளிலே குழந்தைகள் விளையாடினர். வீதி இப்படியும் இருக்கலாம் என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர், கண்டதை மறக்கவில்லை. ஆண்டுக்காண்டு சைக்கிளுக்குத் தனிப்பாதை கட்டினர். குடியிருப்புத் தெருக்களில் வாகன வேகத்தைக் கட்டுப்படுத்தினர். எண்ணெய்த் தட்டுப்பாடு அவர்களுக்கு 1973 இல் வந்தது. எமக்கு 1990 இலும் வந்தது, 2022 இலும் வந்தது. ஒரு முறை பட்டவர்கள் திருந்தினர். இரு முறை பட்ட நாம் என்ன செய்தோம்?

பணக்கார நாட்டின் கதை என்று இதனை ஒதுக்குவோருக்குக் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவைக் காட்டுவோம். வறுமையும் உள்நாட்டுப் போரும் கண்ட நாடு அது. 1974 இல் அங்கே ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை தொடக்கம் நண்பகல் கடக்கும் வரை பெருவீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் திறக்கப்படுகின்றன. அந்த வீதிகளின் நீளம் 120 கிலோமீற்றருக்கு மேல். இதற்குக் கோடி கோடியாகக் கொட்டிப் புதுவீதி போட்டார்களா? இல்லை. இருந்த வீதியை இருந்த மக்களுக்குக் கொடுத்தார்கள்.

அதிகாரம் இல்லையா? மனம் இல்லையா?

"எமக்கு அதிகாரம் இல்லை" என்பது எமது பிரதிநிதிகளின் நித்திய பாராயணம். அதில் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தந்த அதிகாரங்களும் முழுமையாகத் தரப்படவில்லை. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 இல் முடிந்தபின், மக்கள் தெரிவு செய்யாத ஆளுநரின் ஆட்சியில் ஆண்டுகள் பல கழிந்தன. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி ஆகிய பெருவீதிகள் கொழும்பிலுள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. எம் வாசலில் ஓடும் வீதியின் அகலத்தைக் கொழும்பு தீர்மானிப்பதை நாம் எதிர்க்கின்றோம், எதிர்ப்போம்.

ஆனால், ஏனைய வீதிகள்? நகரின் உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபைக்கு உரியவை. கட்டடங்களுக்கு அனுமதி வழங்குவது மாநகர சபை. சந்தை, பூங்கா, வடிகான் ஆகியவற்றைப் பராமரிப்பதும் மாநகர சபை. இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தெரிவான சபையின்றிக் கிடந்த நகருக்கு 2025 மே மாதத் தேர்தலின் மூலம் சபை மீண்டும் கிடைத்தது. பெரிய அதிகாரத்தைக் கேட்பவன், கையிலுள்ள சிறிய அதிகாரத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றான் என்று உலகம் பார்க்கின்றது. ஒரு நடைபாதையைக் காக்க முடியாதவர்கள் ஒரு தேசத்தைக் காப்போம் என்றால் எவர் நம்புவர்? சுயாட்சி என்பது செங்கோலை ஏந்துவது மாத்திரமன்று. கானுக்கு மூடி போடுவதும் அதற்குள் அடங்கும்.

நாம் கேட்பவை

வானத்தை வில்லாக வளைக்குமாறு நாம் கேட்கவில்லை. கேட்பவை ஆறே ஆறு.

முதலாவது: பாடசாலை, ஆஸ்பத்திரி, கோயில், சந்தை ஆகியவற்றின் சுற்றாடலில் வாகன வேகம் 30 கிலோமீற்றருக்குக் கட்டுப்படுத்தப்பட வேண்டும். பலகை நாட்டினால் மாத்திரம் போதாது. வேகத்தடையும் உயர்த்திய பாதசாரிக் கடவையும் அமைக்க வேண்டும்.

இரண்டாவது: கான்களுக்கு மூடியிட்டு, அவற்றின் மேல் அறுபடாத நடைபாதை அமைக்க வேண்டும். போரிலே கால் இழந்து செயற்கைக் காலுடன் நடப்போர் எத்தனை பேர் எம்மிடையே வாழ்கின்றனர்! சக்கர நாற்காலியில் வாழ்வோர் எத்தனை பேர்! உடைந்த நடைபாதை எமக்கு வெறும் அசௌகரியம். அவர்களுக்கு அது வீட்டுச் சிறை.

மூன்றாவது: ஒழுங்கைகளைச் சைக்கிள் பாதைகளாக்க வேண்டும். எம் முன்னோர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் இந்த ஒழுங்கைகள். நகர் முழுவதும் நரம்பு போல ஓடுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, வழிகாட்டிப் பலகை நாட்டி, விளக்கிட்டு, குறுக்கு வழியாக விரையும் வாகனத்தைத் தடுத்துவிட்டால், பெருவீதியை மிதிக்காமலே ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பாடசாலைக்குச் செல்லலாம். கொழும்பின் அனுமதி இதற்குத் தேவையில்லை.

நான்காவது: நிழல். வீதியை அகட்டுவதற்காக மரத்தைத் தறித்தவர்கள், நடப்போருக்காக மரத்தை நட வேண்டும். வேம்பும் மருதும் நிற்கும் வீதியில் நண்பகலிலும் நடக்கலாம்.

ஐந்தாவது: புதிய கடைத்தொகுதிக்கும் அலுவலகத்துக்கும் அனுமதி வழங்கும்போது சைக்கிள் நிறுத்துமிடத்தை நிபந்தனையாக விதிக்க வேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்திலே பத்துச் சைக்கிள்கள் நிற்கும்.

ஆறாவது: வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலையில், நகரின் நடுவிலுள்ள சில வீதிகளையேனும் வாகனங்களுக்கு மூடி மக்களுக்குத் திறக்க வேண்டும்.

பெருவீதிகளைப் பொறுத்தவரை, அங்கே சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று பாராளுமன்றத்தில் எமது உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

"வீதியை மூடினால் வியாபாரம் படுத்துவிடும்" என்பார்கள் வர்த்தகர்கள். 1962 இல் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் கடைவீதி ஒன்றை நடப்போருக்கு மாத்திரம் உரியதாக்கியபோது, அந்நகர வர்த்தகர்களும் இதையே சொன்னார்கள். வியாபாரம் படுக்கவில்லை, பெருகிற்று. காரில் விரைபவன் கடையைக் காண்பதில்லை. நடப்பவன் காண்கின்றான், நிற்கின்றான், வாங்குகின்றான். அவ்வளவு தொலைவு போவானேன்? நல்லூர்க் கந்தன் திருவிழாக் காலத்தைப் பாருங்கள். இருபத்தைந்து நாட்கள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படுகின்றது. சைக்கிளையும் வாகனத்தையும் காப்பகத்தில் விட்டுவிட்டு மக்கள் கடல்போல் நடக்கின்றனர். முதியவரும் வருகின்றனர், குழந்தையும் வருகின்றது. கச்சான் கடைக்காரர் தொடக்கம் துணிக்கடைக்காரர் வரை, அதனால் நட்டப்பட்டோம் என்று சொன்னதுண்டா? ஆண்டில் இருபத்தைந்து நாள் ஆண்டவனுக்காக நாம் செய்யக்கூடியதை, வாரத்தில் ஒரு காலை மனிதருக்காகச் செய்ய முடியாதா?

"எங்கள் வீதிகள் ஒடுங்கியவை; இடம் எங்கே?" என்பார்கள் உத்தியோகத்தர்கள். ஒடுங்கியவை என்பதனாலேதான் கேட்கின்றோம். ஒரே ஒருவரைச் சுமந்து வரும் கார் அடைக்கும் இடத்திலே எத்தனை சைக்கிள் செல்லும் என்று அவர்களே அளந்து பார்க்கட்டும். இடம் குறைந்த வீட்டில் பெரிய கட்டிலை வாங்கிப் போடுபவன் புத்திசாலியா?

"நோயாளியும் முதியவரும் எப்படிச் செல்வார்கள்?" என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. மோட்டார் வாகனத்தை ஒழிக்குமாறு நாம் சொல்லவில்லை. அம்புலன்ஸ் செல்லட்டும், பஸ் செல்லட்டும், மேலும் பல பஸ்கள் நேரந் தவறாது ஓடட்டும். தேவையற்ற வாகனம் வீதியை விட்டு அகன்றால், தேவையான வாகனத்துக்கு வழி கிடைக்கும்.

இன்னுமோர் ஆட்சேபம் உண்டு. அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனதுக்குள் வைத்திருக்கின்றார்கள். "சைக்கிள் ஏழையின் வண்டி, அதிற் போனால் மதிப்புக் குறையும்" என்பதே அது. கடல் கடந்து பாடுபடும் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலும், தவணைக் கடனிலும் வாங்கிய வாகனம் வாசலில் நின்றால் மதிப்பு உயர்கின்றதாம்! அந்தப் பிள்ளைகள் வாழும் ஐரோப்பிய நகரங்களிலே பேராசிரியரும் நீதவானும் சைக்கிளில் செல்வதை அவர்களிடமே கேட்டறியுங்கள். சலரோகத்தால் காலை இழந்தவனுக்குக் கார் தரும் மதிப்பு என்ன மதிப்பு?

சின்னத்துக்கேனும் மரியாதை செய்யுங்கள்

தேர்தற் காலத்திலே எமது மதில்களில் ஒட்டப்படும் சின்னங்களை நினைத்துப் பார்க்கின்றோம். ஒரு கட்சிக்கு வீடு சின்னம். ஒரு கட்சிக்குச் சைக்கிளே சின்னம். தெற்கிலிருந்து வந்து 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் ஆசனம் வென்றவர்களுக்குத் திசைகாட்டி சின்னம். வீட்டுக்காரரையும் சைக்கிள்காரரையும் திசைகாட்டிக்காரரையும் நாம் ஒருசேரக் கேட்கின்றோம். காலையிலே வீட்டிலிருந்து சைக்கிளிற் புறப்படும் ஒரு பிள்ளை, மாலையிலே பத்திரமாக அதே வீடு திரும்புவதற்கு ஒரு திசையைக் காட்டுவீர்களா? உங்கள் கட்சிகளுக்கிடையே ஆயிரம் பிணக்குகள் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் உயிரில் பிணக்குக்கு இடமுண்டா?

மக்களுக்கும் ஒரு வார்த்தை. கேளாத செவிக்கு மனு எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வட்டாரத்து உறுப்பினரை அழைத்து, அவருடைய வாகனத்தை விட்டு இறங்கச் செய்து, உங்கள் தெருவில் அரை மணி நேரம் உங்களோடு நடக்கச் சொல்லுங்கள். பாடசாலை விடும் வேளையில் உங்கள் பிள்ளை கடக்கும் சந்தியை அவரும் கடக்கட்டும். ஆயிரம் தீர்மானங்கள் உணர்த்தாததை அந்த அரை மணி நேரம் உணர்த்தும்.

செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கால்நடையாகவே செல்லும் அடியார்களை ஈன்ற மண் இது. எரிபொருள் இன்றி ஐந்தாண்டு காலம் சில்லுகளின் மேல் வாழ்ந்து காட்டிய மக்கள் நாம். நடக்கத் தெரியாதவர்களுக்கு நடை கற்பிக்குமாறு நாம் கேட்கவில்லை. நடக்கத் தெரிந்தவர்களின் வழியை மறிக்காதீர்கள் என்றே கேட்கின்றோம்.

வீதி எம் அனைவருக்கும் சொந்தம். எமது பங்கை எமக்குத் தாருங்கள்!